கபிலநிறத் தத்தி: இன எல்லையின் வரலாறு

கபிலநிறத் தத்தி (நிலபர்வட்டா லூஜென்ஸ்) நெற்பயிரின் அடித்தண்டில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி. இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில், கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் பக்கத்தில் அறக்கொட்டியான் என்றால்தான் விளங்கும். வயல்நீருக்குச் சற்று மேலே, தூரின் அடியில் கூட்டமாக ஒட்டியிருப்பதால் வரம்பில் நின்று பார்ப்பவர் கண்ணில் படாது. வட்டவட்டமாக வேளாண்மை கருகிய பிறகுதான் பலர் குனிந்து பார்க்கிறார்கள்.

1854இல் சுவீடன் பூச்சியியலாளர் ஸ்டால் இதை விவரித்தார். இது ஒரே இனம்தானா என்ற கேள்வி சூடுபிடித்தது பசுமைப் புரட்சிக்குப் பிறகு. 1973இல் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஐஆர் 26 நெல் ரகம், தமிழ்நாட்டின் டிகேஎம் 6 வழியாகப் பெற்ற தத்தி எதிர்ப்பு மரபணுவோடு வந்தது. சில ஆண்டுகளிலேயே தத்தி அதையும் தின்றது. 1976இல் வேறொரு மரபணுவுடன் ஐஆர் 36 வந்தது. எந்த நெல்லைத் தின்கிறது என்பதை வைத்துத் தத்திகளுக்கு உயிர்வகை 1, 2, 3 என்று எண் கொடுத்தார்கள். இலங்கை, இந்தியத் தத்திகளோ அந்த இரு மரபணுக்களையும் பொருட்படுத்தவில்லை. அவற்றுக்கு எண் 4.

இந்த எண்களை உடைத்தவர்கள் கார்டிஃப் பல்கலைக்கழகக் கல்லூரியின் கிளாரிட்ஜும் டென் ஹாலண்டரும். ஒரு வகைத் தத்தியை இன்னொரு வகைக்குரிய நெல்லில் வளர்த்தபோது, சுமார் பத்துத் தலைமுறையில் அது அந்த நெல்லுக்குப் பழகிவிட்டது. வகைக்கும் வகைக்கும் இடையே தடையின்றி இனக்கலப்பும் நடந்தது.

மெய்யான எல்லை வேறிடத்தில் இருந்தது. ஆணும் பெண்ணும் வயிற்றை அசைத்து எழுப்பும் அதிர்வு, காற்றில் அல்லாமல் தண்டின் வழியே துணையை எட்டுகிறது. லீர்சியா என்ற புல்லில் வாழும் தத்திகள் தோற்றத்தில் நெல் தத்தியேதான். ஆனால் அதிர்வின் தாளம் வேறு. கூண்டில் அடைத்தால் இரண்டும் கலக்கும், வெளியில் கலப்பதில்லை. எனவே 1985இல் பிலிப்பைன்ஸ் தத்திகளை ஆராய்ந்து லீர்சியாத் தத்திகள் தனி இனம் என்று அவர்கள் முடிவுசெய்தனர். 

இலங்கையின் பங்கு நெல்லின் பக்கம். 1977இல் இந்நாட்டு நெல் ரகங்களான ரத்து ஹீனட்டியில் பிபிஎச்3, பாபவீயில் பிபிஎச்4 என இரு எதிர்ப்பு மரபணுக்கள் அறியப்பட்டன. முதலாவது, அருகருகே அமைந்த மூன்று மரபணுக்களின் தொகுதி என்று 2015இல் தெரியவந்தது. நான்கு எண் தத்திகளையும் தாங்கியது ரத்து ஹீனட்டி. ஆகவே அம்பாறை வயலில் கேட்க வேண்டியது தத்தியின் எண்ணை அல்ல. அது எந்த நெல்லில், எத்தனை போகம் தொடர்ந்து வளர்ந்தது என்பதையே.