ப்ரிகேரியஸ்: யார் தயவில் நிற்கிறது?

ஆட்டம் கண்ட நிலையைச் சொல்ல ஆங்கிலத்தில் வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. ஷேக்கி, வாப்ளி, ரிக்கெட்டி, அன்ஸ்டெடி... ஒரு கால் குட்டையான பெஞ்ச் வாப்ளி. காலை நேரத்து தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் ஒற்றைக் காலை வாசலில் வைத்துத் தொங்குபவரின் நிலைதான் ப்ரிகேரியஸ். உள்ளே நிற்பவர் மனசு வைத்து ஓரங்குலம் நகர்ந்தால்தான் அவருக்கு இன்னொரு காலுக்கு இடம். இந்த வார்த்தையின் சரித்திரமே அந்த "மனசு வைத்தால்" என்பதில்தான் இருக்கிறது.

லத்தீனில் 'ப்ரெக்கஸ்' என்றால் வேண்டுதல். ஆங்கிலத்தின் 'ப்ரேயர்' கூட அதே குடும்பம்தான். ரோமானியச் சட்டத்தில் 'ப்ரிகேரியம்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. கெஞ்சிக் கேட்டவருக்கு நிலத்தை அனுபவிக்க விடுவார் உடைமையாளர். நினைத்த நேரத்தில் திரும்ப வாங்கிக்கொள்வார். கேட்க நாதி கிடையாது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் "பிறர் தயவில் இருப்பது" என்பதே பொருள். பிறகு நிச்சயமில்லாத எல்லாவற்றுக்கும் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 1755ல் வந்த தன் அகராதியில் சாமுவேல் ஜான்சன் இதற்காகக் கடிந்துகொண்டார். வெறும் நிச்சயமின்மை வேறு, அடுத்தவரை நம்பியிருப்பதால் வரும் நிச்சயமின்மை வேறு என்பது அவர் கட்சி. ஊர் கேட்கவில்லை. ஆனால் ஜான்சன் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதற்கு சாட்சி செங்கல்பட்டு ஜில்லா.

தாம்பரம் சுற்றுவட்டாரமெல்லாம் அந்த ஜில்லாதான். 1763ல் ஆற்காடு நவாப் முகமது அலி கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்த பூமி. இங்கே கிராமத்து நிலத்தின் மேல் பரம்பரை உரிமை மிராசுதார்களுக்கு. பெரும்பாலும் வேளாளரும் பிராமணரும். 1818ல் எல்லிஸ் துரை மிராசு பற்றி எழுதியதில் குடியானவர்களிலும் படிகள் இருந்தது தெரிகிறது. உள்குடி பாயகாரி குத்தகையைக் கட்டும்வரை அசைக்க முடியாதவர். வெளியூரிலிருந்து வந்த பரகுடி பாயகாரிக்கு ஒரு வருஷமோ சில வருஷமோ, அவ்வளவுதான். இவர்களுக்கும் கீழே சேரியில் இருந்த பண்ணையாள்களுக்கு குடிசை போட்ட மனை கூடச் சொந்தமில்லை.

1891ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் இதைத்தான் ஓர் அறிக்கையாக எழுதி அரசுக்கு அனுப்பினார். தரிசு நிலத்துக்குச் சேரிக்காரர் மனுப் போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. எதிர்த்து நின்றால் மனையைக் காலி செய் என்று மிரட்டல். கூலி, கடன் இதையெல்லாம் விட அந்த மனைதான் பெரிய பிடி. இருக்கிற கூரையே போய்விடும் என்றால் யார் வாய் திறப்பார்? ஜான்சன் சொன்ன அர்த்தத்தில் இதைவிடப் பொருத்தமான ப்ரிகேரியஸ் கிடைப்பது கஷ்டம்.

1892ல் அரசாணை எண் 1010 வந்தது. சென்னை மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் பஞ்சமி நிலத்தின் கதை அங்கே தொடங்குகிறது. பத்து வருஷம் யாருக்கும் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. கெஞ்ச வேண்டாத நிலம் என்பதுதான் நோக்கம். காகிதத்தில் கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் கடனுக்கும் மிரட்டலுக்கும் நிறைய நிலம் கை மாறிப் போயிற்று.

நூறு வருஷம் கழித்து, அதே ஜில்லாவின் காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராட்டம் நடந்தது. மீட்ட நிலத்தில் வைத்த அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டதைக் கண்டித்து 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். தாம்பரத்தில் ரயில் ஏறினால் செங்கல்பட்டு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும்.