தாத்தாவின் தகரப்பெட்டியில் இரண்டு காகிதங்கள்

அண்ணனூர் வீட்டில் தாத்தாவின் தகரப்பெட்டி இன்னமும் இருக்கிறது. அதில் 1951இல் ஒரு தனியார் கம்பெனி கொடுத்த ஆயுள் காப்பீட்டுப் பத்திரம். அதே பாலிசிக்கு 1958இல் எல்.ஐ.சி. கொடுத்த பிரீமிய ரசீது. தாத்தா கம்பெனி மாறவில்லை, கம்பெனியே மாறிவிட்டது. “நம்ம காசு தப்பிச்சுது” என்பார். எதிலிருந்து என்று சொன்னதில்லை.

சோப்பு வாங்கினால் சோப்பு கையில் வந்துவிடும். இன்சூரன்ஸில் இன்று காசு, முப்பது வருஷம் கழித்துப் பொருள், அதுவும் கட்டியவர் இல்லாதபோது. அப்படியானால் அந்த வாக்குறுதியைக் கொடுக்க யாருக்குத் தகுதி?

தொடக்கத்தில் இந்தக் கேள்வியை அரசு கேட்கவே இல்லை. கல்கத்தாவில் 1818இல் தொடங்கிய ஓரியண்டல் 1834இல் மூழ்கியது. சுதேசி அலையில் நிறைய கம்பெனிகள் முளைத்தன. சென்னையின் யுனைடெட் இந்தியா 1906இல் வந்தது. கூடவே சின்னச் சின்ன ‘பிராவிடண்ட்’ சங்கங்களும். பல சங்கங்களில் இவ்வளவு தருவோம் என்ற உறுதியே கிடையாது. வசூலானதைச் சாவுக்கும் கல்யாணத்துக்கும் பங்கு போடுவார்கள். புது ஆள் சேர்வது நின்றால் கதை முடிந்தது. 1912இல் இரண்டு சட்டங்கள் வந்தன. 1938 சட்டம்தான் கதவைச் சரியாகப் பூட்டியது: பதிவுச் சான்றிதழ் இல்லாமல் யாரும் இன்சூரன்ஸ் நடத்தக்கூடாது, அரசிடம் வைப்புத்தொகை கட்ட வேண்டும், பங்கு போடும் திட்டத்துக்குத் தடை.

அப்புறமும் ஏன் தாத்தாவின் காசு ‘தப்பிக்க’ வேண்டியிருந்தது?

1955 டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி மக்களவையில் எழுந்து, டால்மியா குழுமம் பாரத் இன்சூரன்ஸின் பணத்தை எப்படிக் கையாண்டது என்று புட்டுப்புட்டு வைத்தார். 1956 ஜனவரி 19 அன்று அவசரச் சட்டம். வானொலியில் பேசிய நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் ஒரு கணக்குச் சொன்னார்: முந்தைய பத்தாண்டுகளில் 25 ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் திவால், இன்னும் 25, பாலிசிதாரர்களுக்கு நஷ்டத்தோடு வேறு கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டவை. 1938 சட்டம் அமலில் இருந்த காலம் அது. வாசலில் டிக்கெட் கேட்டார்கள், உள்ளே நடந்ததைத் தடுக்க முடியவில்லை.

அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்தது. 245 நிறுவனங்கள் ஒன்றாயின. பாலிசித் தொகைக்கு மத்திய அரசே உத்தரவாதம் என்று சட்டத்தின் 37ஆம் பிரிவு சொன்னது. தாத்தாவின் நிம்மதி அங்கிருந்து வந்தது. ஆனால் அடுத்த ஆண்டே முந்த்ரா பங்கு விவகாரம் வெடித்தது. கேள்வி கேட்டவர் மறுபடி ஃபெரோஸ் காந்தி. பதவி விலகியவர் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. முதலாளி மாறினாலும் காவல் தேவை என்று புரிந்தது.

1999 சட்டத்தால் தனியாருக்குக் கதவு மறுபடி திறந்தது. 2000 அக்டோபரில் முதல் உரிமங்களைப் பெற்றவற்றில் சென்னையின் ராயல் சுந்தரமும் ஒன்று. குறைந்தபட்ச மூலதனம் 100 கோடி ரூபாய். உள்ளே வந்த பிறகும், கடனைத் தீர்க்கும் வலு குறையாமல் இருக்கிறதா என்ற கணக்கை ஒழுங்காற்று ஆணையத்திடம் தொடர்ந்து காட்ட வேண்டும்.

போன வருஷம் எங்கள் தெருவுக்கு ஒருவர் வந்தார். “மாசம் இருநூறு கட்டுங்கம்மா, பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு லட்சம்.” அம்மா இரண்டு மாதம் கட்டியிருந்தார். இன்சூரன்ஸ் பதிவு எண் கேட்டேன். ஏதோ சங்கம் பதிவு செய்த சான்றிதழின் ஜெராக்ஸைக் காட்டினார். 1912க்கு முந்தைய அதே ஆள், கையில் மட்டும் செல்போன்.

அம்மா அந்த ரசீதுகளைத் தூக்கிப் போடவில்லை. தாத்தாவின் பெட்டியில் வைத்திருக்கிறார். தப்பாத நானூறு ரூபாய்.