வெள்ளைக்காரனின் கள்ளு

"இங்கிலீஷ்காரன்ர பியரில குளிருமில்லை, நுரையுமில்லை" என்று எங்கட ஆக்கள் கனபேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஜேர்மனியில் இருந்தோ சுவிசில் இருந்தோ லண்டன் வருகிற சொந்தக்காரர் என்றால் முதல் மிடறிலேயே முகத்தைச் சுளிப்பார்கள். அவர்கள் குறை சொல்வது 'பிற்றர்' என்கிற ஏல் வகையை. அந்தக் குறைக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது.

முதலில் கசப்பு. பழைய இங்கிலாந்தில் ஏல் என்றால் ஹொப்ஸ் போடாத பானம். ஹொப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. 15ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கமிருந்து இங்கே வந்தது. கசப்பும் மணமும் தரும், பியர் கெட்டுப்போகாமலும் காக்கும். பிறகு கென்ற் பகுதியில் ஹொப்ஸ் தோட்டங்கள் பெருகின. 1950கள் வரைக்கும் கிழக்கு லண்டன் ஏழைக் குடும்பங்கள் ஒவ்வொரு செப்டெம்பரும் பிள்ளை குட்டிகளோடு அங்கே போய்க் கூலிக்கு ஹொப்ஸ் பறித்தன. அவர்களுக்கு விடுமுறை என்றால் அதுதான். பிறகு இயந்திரம் வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

இனிப் பீப்பா. பிற்றர் ஆலையில் இருந்து வரும்போது முடிந்த சரக்கு அல்ல. உள்ளே ஈஸ்ட் (பள்ளிக்கூடத்தில் மதுவம் என்று படித்தோமே, அதுதான்) உயிரோடு இருக்கும். பப்பின் நிலவறையில் 11 முதல் 13 பாகை செல்சியஸில் கிடந்து கடைசிப் புளிப்பு அங்கேதான் நடக்கும். மீனின் காற்றுப்பையில் இருந்து எடுக்கிற ஒரு பசையைப் போட்டுத் தெளிய வைப்பார்கள். (சைவக்காரர் கவனிக்க: அது போடாத பீப்பாக்களும் இப்போது உண்டு.) பிறகு கைப்பம்பியால் இழுத்து ஊற்றுவார்கள். திறந்த பீப்பாவுக்குள் காற்றுப் போவதால் மூன்று நாளுக்குள் விற்று முடிக்க வேண்டும்.

இது பெரிய கம்பனிகளுக்குத் தலையிடி. வாட்னி என்ற லண்டன் கம்பனி 1930களில் ஒரு வழி கண்டது. பியரை வடிகட்டி, சூடாக்கி ஈஸ்ட்டைக் கொன்று, உலோகக் 'கெக்'கில் அடைத்துக் காபனீரொட்சைட்டால் தள்ளுவது. சனி ஞாயிறு மட்டும் ஆட்கள் வருகிற ஒரு ரெனிஸ் கழகத்தில்தான் அதை முதலில் வைத்துப் பார்த்தார்கள் என்பார்கள். கிழமைக்கணக்காகக் கெடாது, பராமரிக்கக் கைப்பக்குவமும் வேண்டாம். 1960களில் ஆறு பெரிய கம்பனிகள் சின்ன ஆலைகளை வாங்கி மூடி, தங்கள் பப்களில் கெக்கை நிறைத்தன.

1971இல் அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு பப்பில் இருந்து நான்கு இளைஞர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் கம்ரா. கடிதம் எழுதினார்கள், ஆலை மூடும்போது ஊர்வலம் போனார்கள், நல்ல பப்களின் பட்டியலைப் புத்தகமாகப் போட்டார்கள். 1989இல் அரசாங்கம் பெரிய கம்பனிகளின் பிடியைத் தளர்த்தி, அவர்களுடைய பப்களில் வேறு ஆலையின் பீப்பா ஒன்றும் விற்க வழி செய்தது. 2002இல் சிறிய ஆலைகளுக்கு வரிக்குறைப்பு வந்தது. குடிகாரர் கூடிச் சாதித்த காரியம் என்று பகிடியாகச் சொல்லலாம். ஆனால் பாவனையாளர் சங்கம் ஒன்று இந்த அளவுக்கு வென்றது அபூர்வம்.

வித்தியாசம் உண்மையா என்று பார்க்க, சிசிக் ஆலையின் லண்டன் பிரைடைக் கெக்கிலும் பீப்பாவிலும் அடுத்தடுத்துக் குடித்துப் பார்த்தேன். கெக்கில் குளிரும் வாயுவும் நாக்கைக் குத்தும், கசப்பு மட்டும் தனியாக நிற்கும், மணம் குறைவு. பீப்பாவில் வாயு மெல்லியது. முதலில் தோடம்பழத் தோலின் மணம், பிறகு பிஸ்கட் மாதிரி ஒரு இனிப்பு, கடைசியில் தொண்டையில் தங்கும் கசப்பு. பெயர் ஒன்றுதான், பானம் இரண்டு.

எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. காலையில் இறக்கின பனங்கள்ளும் சூடாக்கிப் போத்தலில் அடைத்த கள்ளும் ஒன்று என்று யாழ்ப்பாணத்தில் எவரும் ஒத்துக்கொள்ளமாட்டார். தவறணை, பீப்பா இரண்டுமே போர்த்துக்கேயன் தந்த சொற்கள். உள்ளே இருந்த சரக்கு மட்டும் எங்களுடையது.

ஆனால் கம்ராவின் வெற்றி நிரந்தரமானது அல்ல. சிசிக் ஆலையே 2019இல் ஜப்பானிய அசாகியிடம் போய்விட்டது. ஒரு சாதாரணப் பீப்பாவில் 72 பைன்ற் இருக்கும். அதை மூன்று நாளில் குடித்து முடிக்க ஆட்கள் இல்லாத பப்பில் பியர் புளிக்கும். புளித்ததைக் குடித்தவர் அடுத்தமுறை கெக் கேட்பார், பீப்பா இன்னும் மெதுவாக விலைப்படும். உயிருள்ள சாமானைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துக் காப்பாற்ற முடியாது, ஆட்கள் பாவிக்கப் பாவிக்கத்தான் அது இருக்கும். மொழிக்கும் இதே கதைதான் என்று நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை.