புழுங்கலரிசியும் நோய்க் கணக்கும்: நெகிரி செம்பிலானின் ஒரு மருத்துவ முன்வரலாறு

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகிவந்த இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், மலாயா மருத்துவமனைகளைத் திணறடித்த நோய்களுள் ஒன்று பெரிபெரி. கால்களை மரத்துப்போகச் செய்து, உடலை வீங்கவைத்து, முடிவில் இதயத்தையே நிறுத்திவிடும் இந்நோய், வெள்ளீயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்களைப் பெருமளவில் மாய்த்தது. ஆனால் தோட்டத்து லயங்கள் எனும் வரிசை வீடுகளில் வாழ்ந்த தமிழர்களை அது அரிதாகவே தீண்டியது. தமிழர்களைக் கொல்ல மலேரியா ஒன்றே போதுமானதாயிருந்தது என்பது வேறு செய்தி.

இவ்வேறுபாட்டைப் பதிவேடுகளின் துணைகொண்டு ஆராய்ந்தவர், அம்மாநிலத்தின் தலைமை மருத்துவராகச் சிரம்பானில் பணியாற்றிய வில்லியம் லெனர்ட் பிராடன். சீனர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த, நன்கு தீட்டப்பட்ட பச்சரிசி. மலாய்க்காரர்கள் தம் வயல் நெல்லை வேண்டும்போது குத்தி உண்டனர். தமிழர்களோ ஊர் வழக்கப்படி, நெல்லை உமியோடு அவித்து உலர்த்திப் பின் குத்திய புழுங்கலரிசியையே உண்டனர். நோய் அரிசியைப் பின்தொடர்கிறது என்ற முடிவைப் பிராடன் 1907இல் ஒரு பெருநூலாக வெளியிட்டார்.

இன்று மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு என்று வழங்கும் முறை, அதாவது ஏராளமான நோயாளர் பதிவுகளைக் கணினிக்குக் கொடுத்து, எதனோடு எது சேர்ந்து வருகிறது என்பதை அதுவே கண்டுகொள்ளுமாறு பயிற்றும் முறை, தன் அடிப்படையில் பிராடன் கையால் செய்ததிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. அளவும் வேகமுமே ஒப்பிட முடியாதவை. ஆகவே பிராடன் எங்கே சரியாகக் கண்டார், எங்கே தவறினார் என்பது பழங்கதையாக மட்டும் நின்றுவிடவில்லை.

அவர் கண்ட தொடர்பு உண்மை. அதற்கு அவர் கற்பித்த காரணம் பிழை. பழைய பச்சரிசியில் ஏதோ ஒரு நஞ்சு உண்டாகிறது என்றே அவர் கருதினார். அக்கருத்து நிலைத்திருந்தால், புதிதாகத் தீட்டிய வெள்ளையரிசிக்கு மாறினாலே போதும் என்று முடிவாகியிருக்கும், நோயும் தொடர்ந்திருக்கும். காரணத்தைத் தேடிப் புறப்பட்டவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிரேசரும் ஏ. டி. ஸ்டான்டனும். 1907இல் இதே மாநிலத்தின் ஜெலுபு மாவட்டத்தில், காட்டினூடே சாலை அமைக்க வந்திருந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளர்களை அவர்கள் இரு குழுக்களாகப் பிரித்து, ஒன்றுக்குப் பச்சரிசியும் மற்றொன்றுக்குப் புழுங்கலரிசியும் அளித்தனர். சில மாதங்களில் பச்சரிசிக் குழுவில் பெரிபெரி தோன்றியது, மற்றதில் தோன்றவில்லை. உணவை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறியது. இன்றைய மருத்துவ அறநெறி ஒருபோதும் இசையாத சோதனை இது என்பதையும், நோயுற்றவர்கள் மறுத்துப் பேசும் நிலையில் இல்லாத கூலிகள் என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. தொடர்ந்து கோழிகளைக் கொண்டு ஆய்ந்தபோது, அரிசியில் நஞ்சு எதுவும் சேரவில்லை, தவிட்டோடு தேவையான ஒரு பொருள் நீக்கப்படுகிறது என்பது புலனாயிற்று. பின்னாளில் தயமின் எனப் பெயர்பெற்ற அந்த உயிர்ச்சத்து, நெல்லை அவிக்கும்போது மணியினுள் இறங்கிவிடுகிறது.

பிராடனின் காலத்துப் பதிவேட்டில் இனம் என்ற ஒரு பத்தியை மட்டும் பார்த்தே நோயைப் பெருமளவு சரியாகக் கணித்திருக்கலாம். தமிழருக்குப் பெரிபெரி வராது என்று கற்றுக்கொண்ட ஓர் இயந்திரம் முப்பது ஆண்டுகள் நற்பெயரோடு இயங்கியிருக்கும். 1942க்குப் பின் ஜப்பானியர் தோட்டத் தமிழர்களைச் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுசென்று வெள்ளையரிசிக் கஞ்சியில் வாழவைத்தபோது, அவர்களும் கால் வீங்கி விழுந்தனர். காப்பு இருந்தது இரத்தத்தில் அன்று, உலையில்.

இத்தகைய பிழை கணினிகளுக்கும் நேர்ந்திருக்கிறது. 1990களில் அமெரிக்காவில் நிமோனியா நோயாளரின் பதிவுகளைக் கொண்டு பயிற்றப்பட்ட ஒரு முறை, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இறப்பு அபாயம் குறைவு என்று கற்றுக்கொண்டது. பதிவுகள் பொய் சொல்லவில்லை. ஆஸ்துமா உள்ளவர்களை மருத்துவர்கள் உடனே தீவிர சிகிச்சைக்கு அனுப்பியதால்தான் அவர்கள் பிழைத்தனர். அச்செய்தி கணினிக்குத் தெரியாது.

தோட்டங்களில் இவ்வகைச் செய்திகளை அறிந்திருந்தவர் டிரெஸ்ஸர். மருத்துவர் எப்போதோ வந்துபோக, அன்றாடம் நோய் பார்த்து, மருந்து கலந்து, ஊசி போட்டு, தோட்டத்து ஆஸ்பத்திரியை நடத்தியவர் அவரே. 1965ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இவர்களைத் தோட்ட மருத்துவமனை உதவியாளர்களாகப் பதிவுசெய்தது. யார் வீட்டில் என்ன வேகிறது, எந்த லயத்தருகே தண்ணீர் தேங்குகிறது என்பவை பதிவேட்டில் ஏறாமலே அவருக்குத் தெரிந்திருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தமிழர் நகரங்களுக்குப் பெயர, அப்பணியும் சுருங்கியது.

இப்போது மலேசியத் தோட்ட வேலையில் பெரும்பங்கு இந்தோனேசியா, வங்காளதேசம், நேபாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோருடையது; கட்டாய மருத்துவப் பரிசோதனையில் அவர்களுக்கு மார்பு எக்ஸ்ரே எடுக்கப்படுகிறது. காசநோயைக் கண்டறியும் முதற்கட்டப் பரிசோதனையில் இப்படங்களை 15 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு மனிதக் கண்ணுக்கு மாற்றாக மென்பொருளே படிக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. ஆயினும் மென்பொருள் படத்துக்குத் தரும் எந்த மதிப்பெண்ணுக்கு மேல் நோய் ஐயம் கொள்வது என்பதை அந்தந்த இடத்து மக்களிடம் சோதித்தே வகுக்க வேண்டும் என்பதும் அதன் அறிவுரையே. இங்கு அதை வகுக்க வேண்டுமானால், ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்பிவிடும் அத்தொழிலாளர்களின் படங்களோடு, பின்னர் அவர்களுக்கு நோய் உறுதிப்பட்டதா என்ற செய்தியும் சேர்த்துப் பதிவாக வேண்டும்.