தாத்தாவின் கைக்கடிகாரம்



நம்மில் பலர் வீட்டு அலமாரியில் ஓடாத கைக்கடிகாரம் ஒன்று கிடக்கும். தாத்தா பால்மரம் சீவிய நாளில் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியது. கடைக்குக் கொண்டு போனால், "பழுது பார்க்கிற கூலிக்குப் புதியதே வாங்கலாமே" என்பார்கள். அது பொய்யன்று. ஆனால், அந்த நிலை எப்படி வந்தது?

ஒரு காலத்தில் கடிகாரம் செல்வர் வீட்டுப் பொருள். ஏழைத் தொழிலாளியும் நேரம் பார்க்க வேண்டுமென்று எண்ணினார் ரோஸ்கோப் என்பவர். சுவிட்சர்லாந்தின் லா ஷோ த ஃபோன் நகரில் வாழ்ந்த அவர், 1867இல் 20 பிராங்க் விலையில் சட்டைப்பைக் கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்தார். மாணிக்கக் கல்லுக்குப் பதிலாக எஃகு ஊசிகளைப் பொருத்தினார். மொத்த உறுப்புகள் 57தான். எளிய மக்களின் கடிகாரம் அங்கே பிறந்தது.

அடுத்த பெருந்திருப்பம் 1969 டிசம்பர் 25. அன்று தோக்கியோவில் சைக்கோ நிறுவனம் 'அஸ்ட்ரான்' என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. விலை 4,50,000 யென். ஒரு சிறு மோட்டார் வண்டியின் விலை! பத்தே ஆண்டுகளில் அவ்வகை மலிந்துவிட்டது. சுவிட்சர்லாந்தில் 1970இல் சுமார் 90,000 பேர் செய்த கடிகாரத் தொழிலில், 1980களின் நடுவில் 30,000 சொச்சம் பேரே எஞ்சினர். 1983இல் வந்த 'சுவாட்ச்' கடிகாரத்துக்கு உறுப்புகள் 51. ரோஸ்கோப்பின் கணக்கையும் மிஞ்சியது. ஆனால், அதன் பின்மூடி திறக்காது; பேட்டரி மாற்ற மட்டும் ஒரு சிறு வாய் உண்டு.

சாவி கொடுக்கும் கடிகாரமோ கைவேலையைக் கேட்பது. ஒவ்வொரு சக்கரமாகப் பிரித்து, கழுவி, எண்ணெயிட்டு, மீண்டும் பூட்டி, ஓட்டத்தைச் சீர்செய்ய வேண்டும். அதற்குப் பல மணி நேரமாகும். நாம் கொடுப்பது பெரும்பாலும் அந்த நேரத்துக்கான கூலியே. நாமும் ஒருமுறை சிக்கனமென்று தையல் இயந்திர எண்ணெயை விட்டுப் பார்த்தோம். இரண்டு நாள் ஓடி நின்றது. பிறகு கழுவும் கூலியும் கூடிற்று.

செலவைக் குறைக்க வழியுண்டு. பழைய சைக்கோவின் பின்மூடியைப் பாருங்கள். முதல் நான்கு இலக்கங்கள் இயந்திரத்தின் எண். ஒரே இயந்திரத்தைப் பல வடிவக் கடிகாரங்களில் பொருத்தினார்கள். ஆகவே, அதே எண்ணுள்ள உடைந்த கடிகாரம் பழைய சாமான் சந்தையில் கிடைத்தால், வேண்டிய உறுப்பும் கிடைத்த மாதிரிதான். மற்றொரு எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு ஆங்கில எழுத்துகள் ஓ, என், டி.

நம் வகுப்பு மாணவி ஒருத்தி கொண்டுவந்த கடிகாரத்தில் 6119 என்றும், கீழே 2, என் என்றும் இருந்தன. 1972 நவம்பர்! அஞ்சடியில் கண்ணாடிப் பெட்டி வைத்திருந்த முதியவரிடம் அதைக் கொடுத்தோம். உறுப்புக்கும் கழுவுவதற்கும் தனித்தனியாக விலை கேட்டோம். உறுப்பை அவரே வேறொரு பழைய கடிகாரத்திலிருந்து எடுத்துக்கொண்டார். கழுவும் கூலி மட்டுமே ஆயிற்று. மூடியின் உட்புறத்தைக் காட்டினார். முன்னால் பழுது பார்த்தவர்கள் ஊசியால் கீறிய குறிகள் மூன்று இருந்தன: 77, 83, 91. அவற்றுக்குக் கீழே அவரும் தம் குறியைக் கீறினார்.