கண்டிக் கம்மியரும் அவர்தம் சொற்களும்

ஒரு கைத்தொழில் அழியுமாயின் பொருள்கள் மட்டுமா மறைகின்றன? அவற்றோடு பிறந்து வளர்ந்த சொற்களும் மறைகின்றன. கண்டிப் பகுதிச் சிற்றூர்களிலே இவ்வழிவைக் கண்டு வருந்தி, அதனைத் தடுக்க முற்பட்ட தமிழர் ஒருவர் உண்டு. அவரே கலாயோகி ஆனந்த குமாரசுவாமி.

சேர் முத்துக் குமாரசுவாமிக்கும் ஆங்கில மாது ஒருவருக்கும் மகனாக, 1877ஆம் ஆண்டு கொழும்பிலே அவர் பிறந்தார். 1879இல் தந்தையார் மறைந்தார். மகன் இங்கிலாந்திலே வளர்ந்து, ஆங்கிலத்திலேயே கல்வி பயின்றார். பின்னர் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராகி, 1906 வரை பணியாற்றினார். கல்லை ஆராய வந்தவரின் கண்கள் கல்லைச் செதுக்கும் கம்மியர்பாற் சென்றன.

கண்டி மன்னர் காலத்திலே அரசும் கோயிலும் வழங்கிய நிலத்தின் பயனைக் கம்மியர் நுகர்ந்தனர். அதற்கு ஈடாகத் தம் தொழிலை ஆற்றினர். அரசரின் பணிமனைகள் நான்கும் 'பட்டல் ஹத்தர' எனப்பட்டன. 1815இல் முடியாட்சி வீழ்ந்தது. அரசவையின் ஆதரவும் அற்றுப்போயிற்று. பின்னர் ஆலைத்துணியும் பிற இறக்குமதிப் பொருள்களும் சந்தையை நிரப்பின. கையிலே திறன் இருந்தது; வேண்டுவார்தாம் அருகினர்.

இந்நிலை கண்ட குமாரசுவாமி, 1905இல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்று விடுத்தார். 1908இல் 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலை வெளியிட்டார். அச்சிட்டவை 425 படிகளே. அதற்கான நிழற்படங்கள் பலவற்றை எடுத்தவர் அவர்தம் மனைவியார் எதெல். இவ்வம்மையார் பிற்காலத்தில் இங்கிலாந்திலே கைத்தறி நெசவாலும் இயற்கைச் சாயத்தாலும் புகழ்பெற்றார்.

அந்நூல் பொருள்களை மட்டும் விவரிக்கவில்லை. கம்மியர் வழங்கிய பெயர்களையும் பதிவு செய்தது. படரும் கொடி 'லியவெல'; கழுத்துப் பின்னிய அன்னங்கள் 'ஹன்ச புட்டுவ'; இருதலைப்புள் 'பேருண்ட'. அன்னமும் இருதலைப்புள்ளும் தமிழருக்கும் பழகியவை அல்லவா? இப்பெயர்கள் ஒவ்வொன்றும் தந்தை மகனுக்குக் கற்பித்த பாடமாகும். பெயர் அறியாத மாணவன் உருவத்தைப் பார்த்து வரையலாம். எங்கே எதனை அமைப்பது என்னும் முறைமையை அறியான். ஆதலினாலேயே, இலங்கைப் பிள்ளைகள் சிங்களமும் தமிழும் கற்கவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். தாய்மொழிச் சூழலின்றி வளர்ந்தவர் அதன் அருமையை உணர்ந்ததில் வியப்பில்லை.

கண்டியை அடுத்த தும்பறையில் ஹண நாரினால் நெய்யப்படும் பாய்களை இன்றும் காணலாம். அக்கைவினையை 2021இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலிலே சேர்த்தது. மகிழத்தக்க செய்தியே. ஆயினும் பட்டியல் பாய் நெய்யாது. நெய்பவருக்குப் பிழைப்பும், அவர்தம் பிள்ளைகளுக்குத் தொழிலில் மதிப்பும் வேண்டும். தும்பறைப் பாய் வாங்கச் செல்லும் அன்பர்கள் விலையோடு நின்றுவிடாது, அதிலுள்ள கோலத்தின் பெயரையும் கேட்பார்களாக. கேட்பார் உள்ளவரை அச்சொல் நெய்பவர் நாவிலே நிலைத்திருக்கும்.