மஞ்சள் வென்ற வழக்கும் ஈறு நோய் கேட்கும் சான்றும்

மஞ்சளைக் கொண்டு புண் ஆற்றும் முறைக்கு 1995-இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமமான சிஎஸ்ஐஆர் அதை எதிர்த்து, 32 சான்றாவணங்களை முன்வைத்தது. அவற்றுள் சமஸ்கிருத நூல்களும் இருந்தன. இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் 1953-இல் வெளிவந்த கட்டுரையும் இருந்தது. 1997-இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. மரபறிவு வரலாற்றில் இவ்வெற்றிக்கு உரிய இடம் உண்டு. எனினும், அவ்வழக்கில் ஆராயப்பட்ட கேள்வி ஒன்றே: இவ்வறிவு புதியதா, பழையதா? மஞ்சள் எந்த நோயை, எந்த அளவுக்குக் குணப்படுத்தும் என்பது அங்கே வழக்குப் பொருளே அன்று. இவ்விரு கேள்விகளும் பொதுப்பேச்சில் ஒன்றாகக் கலந்துவிட்டன. அக்கலப்பு தெளிவாகப் புலப்படும் இடங்களுள் ஒன்று ஈறு நோய்.

சுசுருத சங்கிதை வாய் நோய்களை 65 என வகுத்து, அவற்றுள் 15-ஐப் பல்லின் வேர்ப்பகுதிக்கு, அதாவது ஈறுக்கு உரியவையாகக் கூறுகிறது. ஈறு மென்மையாகி, துர்நாற்றத்துடன் இரத்தம் கசியும் நிலைக்குச் சீதாதம் என்று பெயர். அதற்கான சிகிச்சையின் வரிசை கவனிக்கத்தக்கது. முதலில் கெட்ட இரத்தம் வெளியேற்றப்படுகிறது. அதன் பின்னரே சுக்கு, கடுகு, திரிபலை, கோரைக்கிழங்கு ஆகியவற்றின் கஷாயத்தால் வாய் கொப்பளிப்பு. மூலிகை அங்கே இரண்டாம் படியில் நிற்கிறது.

மஞ்சளின் நிறப்பொருளை 1815-இல் வோகலும் பெல்லெத்தியேவும் பிரித்தெடுத்தனர். குர்குமின் எனப்படும் அப்பொருளின் வேதிக் கட்டமைப்பு 1910-இல் தெளிவானது. அழற்சியின் மீது அதன் செயல்பாட்டை லக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்ரீமலும் தவனும் விலங்குகளில் சோதித்து 1973-இல் வெளியிட்டனர். திடீர் வீக்கத்தில் குர்குமின், அன்று வழக்கிலிருந்த பினைல்பியூட்டசோனுக்கு நிகராக நின்றது. நாட்பட்ட அழற்சியிலோ அதன் ஆற்றல் ஏறத்தாழப் பாதியாகவே இருந்தது. முதற்பகுதி அடிக்கடி நினைவுகூரப்படுகிறது. இரண்டாம் பகுதி பெரும்பாலும் மறக்கப்படுகிறது. முற்றிய ஈறு நோயோ நாட்பட்ட அழற்சி.

ஈறு நோயைப் பற்றிய அறிவும் இதே காலத்தில் மாறியது. 1965-இல் டென்மார்க்கில் லோவும் உடன் ஆய்வாளர்களும் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தனர். மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி தோன்றியது. பல் துலக்கத் தொடங்கியதும் மறைந்தது. நோயைத் தொடங்கி வைப்பது பல்லின் மேல் படியும் நுண்ணுயிர்ப் படலம் என்பது இதனால் உறுதியானது. ஆயினும், முற்றிய நிலையில் ஈற்றையும் தாடை எலும்பையும் சிதைப்பதில் உடலின் சொந்த அழற்சி வினைக்கே பெரும்பங்கு உண்டு என்பது பின்னர் விளங்கியது. நுண்ணுயிரை அழிப்பதோடு அழற்சியையும் தணிக்கும் மருந்து தேவை என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்தது. அழற்சியைத் தூண்டும் என்.எஃப்-கப்பா பி என்னும் புரதத்தைக் குர்குமின் ஆய்வகத்தில் தடுப்பதாக 1995-இல் காட்டப்பட்டபோது, அவ்வெண்ணம் மஞ்சளின் பக்கம் திரும்பியதில் வியப்பில்லை.

ஆனால் உண்ணும் குர்குமின் இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்கிறது. எனவே பல் மருத்துவ ஆய்வாளர்கள் அதைக் களிம்பாகவும் வாய்கழுவும் நீராகவும் ஈற்றுப் பையில் வைக்கும் சிறு வில்லையாகவும் நேரடியாகப் பயன்படுத்தினர். இது அறிவுக்கு உகந்த வழியே. இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளில் நடந்த சோதனைகள் பலவற்றில் ஈற்றின் இரத்தக் கசிவு குறைந்தது. சிலவற்றில் பலன் குளோர்ஹெக்சிடினுக்கு அருகில் வந்தது. இவற்றுள் பெரும்பாலானவை சில வாரங்களோ சில மாதங்களோ நீடித்த, சிறு எண்ணிக்கையிலான நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகள். முற்றிய நோயில், பல்லின் கறையும் காரையும் நீக்கப்பட்ட பின்னரே பெரும்பாலும் குர்குமின் தரப்பட்டது. ஆகவே அச்சோதனைகள் குர்குமினைத் துணை மருந்தாக அளந்தனவேயன்றி, சுத்திகரிப்புக்கு மாற்றாக அளக்கவில்லை. பல் தாங்கும் எலும்பு பல ஆண்டுகளுக்குக் காக்கப்படுமா என்ற வினாவுக்கு அவற்றின் கால அளவு போதாது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. ஈற்றில் இரத்தம் கசியும் ஒருவர் மஞ்சட்பொடியைத் தேய்த்துச் சில நாட்களில் கசிவு குறைவதைக் கண்டு மருத்துவரிடம் செல்லாமல் இருந்துவிடலாம். வெளியே தணிந்த ஈற்றின் அடியில் காரை அப்படியே இருக்கும். எலும்பு வலியின்றிக் கரையும். பல் ஆடத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும்.

1997-இன் தீர்ப்பு மஞ்சளின் பழமையை நிலைநாட்டியது. அதன் பயனை நிலைநாட்டும் பொறுப்பு, பெரிய, நீண்ட, ஒப்பீட்டுச் சோதனைகளை வடிவமைக்க வேண்டிய இன்றைய ஆய்வாளர்களுடையது. அதுவரை, முதலில் தூய்மை, பிறகு மூலிகை என்று சுசுருதர் வகுத்த வரிசையை மாற்றுவதற்குச் சான்று இல்லை.